கையால் முடைந்த சவப்பெட்டி: அந்தக் காசு எங்கே போகிறது?

போன வருடம் இங்கிலாந்தில், பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். கூட வேலை பார்ப்பவரின் அம்மா, எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கத் தோட்டவேலை செய்தவர். பெட்டியைத் தூக்க ஆள் ஒன்று குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டார்கள். தூக்கியதும் முதலில் காதில் விழுந்தது ஒரு கிறீச் சத்தம். பழைய பிரம்பு நாற்காலியில் யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் வருமே, அது. அப்போதுதான் கவனித்தேன், பெட்டி பலகையால் ஆனதே இல்லை. ஆளுயரக் கூடை. பிடியெல்லாம் தடித்த கயிறு, அது பெட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, அடிப்பக்கமாகச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறியிருந்தது, அதனால் கனம் முழுவதும் கயிற்றில்தான் இறங்கியது. மூடிக்கு ஆணி இல்லை, சின்னச் சின்ன மரக்குச்சிகளைக் கயிற்று வளையத்தில் கோத்திருந்தார்கள். விரலுக்குப் பட்ட இடத்தில் ஒரு வளார், அதாவது நீளமான மெல்லிய குச்சி, முடிந்து இன்னொரு வளார் தொடங்கும் இணைப்பு தட்டுப்பட்டது. யாரோ ஒருவர் அந்த இடத்தில் கையை நிறுத்தி, அடுத்த குச்சியைத் தேடி எடுத்துச் செருகியிருக்கிறார் என்பது தொட்டாலே தெரிந்தது.

வில்லோ என்ற செடியின் வளார்களால் முடைந்த பெட்டி அது. அதற்கப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், ஒரு சனிக்கிழமை தென்மேற்கு இங்கிலாந்தில் இந்த வில்லோ விளையும் சாமர்செட் வரைக்கும் போய் ஒரு பட்டறையில் அரைநாள் நின்று பார்த்தேன். கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டியைவிட இது பெரும்பாலும் விலை கூடுதல். எதற்கு அந்தக் கூடுதல் காசு, அது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

வில்லோ என்றதும் நமக்குக் கிரிக்கெட் மட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் மட்டைக்கான வில்லோ மரமாக வளர்ந்து, பதினைந்து இருபது வருடம் நின்ற பிறகு வெட்டப்படுவது. கூடைக்கான வில்லோவை மரமாக வளரவே விடுவதில்லை. முருங்கைப் போத்து நடுவதுபோல ஒரு அடி நீளக் குச்சியை ஈர மண்ணில் செருகிவிட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் தரையோடு ஒட்ட வெட்டுவார்கள். அடுத்த வசந்தத்தில் அந்த அடிக்கட்டையிலிருந்து புதிதாகக் கிளம்பும் வளார்கள் ஒரே பருவத்தில் ஆறு, ஏழு, எட்டு அடி நீளம்கூடப் போகும். மறுபடி குளிர்காலம், மறுபடி வெட்டு. ஒருமுறை நட்ட தோட்டம் இருபத்தைந்து முப்பது வருடம் இப்படியே பலன் தரும். சாமர்செட்டில் பரவலாக நடும் இனத்துக்கு அங்கே பிளாக் மால் என்று பேர். வளாரை அந்த ஊரில் விதி என்பார்கள். நம் விதி இல்லை, அது அவர்கள் வட்டாரச் சொல்.

இடம் ஏன் சாமர்செட்? பிரிட்ஜ்வாட்டருக்கும் டான்டனுக்கும் நடுவில், கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலேயே கிடக்கும் தாழ்வான சமவெளி அது, சாமர்செட் லெவல்ஸ் என்று சொல்வார்கள். ரீன் என்று அழைக்கும் வாய்க்கால்களை வெட்டித்தான் அந்த நிலத்தைக் காயவைத்திருக்கிறார்கள், அப்படியும் குளிர்காலத்தில் தண்ணீர் ஏறிவிடும். 2013 டிசம்பரில் தொடங்கி 2014 தொடக்கம் வரை நின்ற வெள்ளத்தில் ஊர்களே தீவுகளாகிப் போயின. மற்ற பயிர் அழுகிப்போகும் அந்த ஈரம் வில்லோவுக்குப் பிரச்சினை இல்லை. ஸ்டோக் செயின்ட் கிரெகரி என்ற ஊரில் கோட்ஸ் குடும்பம் 1819-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. 1930-களில் லெவல்ஸ் முழுக்க 9,000 ஏக்கருக்கு மேல் வில்லோ நின்றது. மீன், பழம், ரொட்டி, துணி, தபால் எல்லாமே கூடையில் போன காலம். இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டி இறக்கிய சரக்குகள்கூட முடைந்த கூடைகளில்தான் இறங்கின. அப்புறம் அட்டைப்பெட்டி வந்தது, பிளாஸ்டிக் வந்தது, கதை முடிந்தது. இருபதாம் நூற்றாண்டு முடியும்போது மிஞ்சியது ஏறக்குறைய 350 ஏக்கர்.

அந்த 350 ஏக்கர் எதை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். ஓவியர்களுக்கான கரிக்குச்சி, தோட்ட வேலி, வெப்பக்காற்று பலூன்களில் ஆட்கள் ஏறி நிற்கும் கூடை, அப்புறம் சவப்பெட்டி. மளிகைக் கூடைக்குத் திரும்பப் போகிறவர்கள் இல்லை. ஒரு பெட்டிக்கு ஆகும் வளார் கொஞ்சநஞ்சமில்லை, அதனால் ஒரு பெட்டி விற்றால் ஒரு துண்டு நிலத்தின் ஒரு வருட விளைச்சலில் கணிசமான பங்கு ஒரே அடியாகப் போய்விடுகிறது. விவசாயிக்கு இது சின்ன விஷயமில்லை.

அறுவடைக்கும் முடைவதற்கும் நடுவில் உள்ள வேலையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெட்டிய கட்டுகளை அடிக்கணக்கில் தரம் பிரிக்க வேண்டும். தோலோடு அப்படியே காயவைத்தால் கரும்பழுப்பு. தோலோடு எட்டு பத்து மணி நேரம் வேகவைத்து அப்புறம் உரித்தால், பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து உள்ளே இறங்கி, பாலில்லாத தேநீர் மாதிரி ஒரு செம்பழுப்பு வரும். வெள்ளை வேண்டுமென்றால் கட்டுகளை வசந்தம் வரை தண்ணீரில் நிற்கவைத்து, உள்ளே சாறு ஏறித் துளிர்க்கும் நேரம் பார்த்து உரிக்க வேண்டும். ஆக, பெட்டியில் தெரியும் அந்த மூன்று நிறங்களும் சாயம் இல்லை, ஒரே செடியை மூன்று விதமாகப் பக்குவம் பண்ணியது. காய்ந்த வளாரை வளைத்தால் ஒடியும், எனவே முடையும் முன்பு மறுபடி ஊறப்போட வேண்டும். தோல் உரிக்காததற்கு அடிக்கு ஒரு நாள் என்று ஒரு கணக்கு, ஆறடி வளாருக்கு ஆறு நாள். அப்புறம் ஒரு ராத்திரி ஈரச் சாக்கில் சுற்றிவைப்பார்கள், பதம் உள்வரை சீராகப் பரவட்டும் என்று.

பட்டறையில் நான் பார்த்தது இதற்கு அடுத்த கட்டம். முடைபவர் தரையோடு தரையாக ஒரு சாய்வுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அடிப்பாகம் ஏற்கெனவே தயார், தடித்த கழிகளைக் குறுக்கே கொடுத்து நெருக்கமாக முடைந்தது. அதன் ஓரத்தைச் சுற்றி நீள வளார்களை ஒவ்வொன்றாகச் செருகி, கத்திமுனையை மடிப்பில் வைத்து லேசாகத் திருப்பி, ஒடியாமல் மேல்நோக்கி நிமிர்த்தினார். எல்லாம் நிமிர்ந்ததும் பறவைக்கூண்டு மாதிரி இருந்தது. அப்புறம் மூன்று நான்கு வளார்களைச் சேர்த்து முறுக்கியபடி ஒரு சுற்று. பெட்டியின் வடிவம் அந்தச் சுற்றில்தான் தீர்மானமாகிறது, அதில் ஒரு பக்கம் இழுத்துவிட்டால் மேலே போகப் போகக் கோணல் பெருகிக்கொண்டே போகும். அதற்கு மேல்தான் ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னும் சாதாரண வரிசைகள். சில வரிசைக்கு ஒருமுறை இரும்புத் தட்டியால் கீழே தட்டி இறுக்குவார்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதிய வளாரை எடுத்ததும் அவர் உடனே செருகுவதில்லை. இரண்டு விரலுக்கு நடுவே ஒருமுறை உருட்டுகிறார். எந்த வளாரும் நேராக வளர்வதில்லை, அதற்கென்று ஒரு வயிறும் ஒரு முதுகும் உண்டு. இயல்பாக எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்தைப் பெட்டியோடு ஒட்டவைத்தால்தான் அது அடங்கிப் படுக்கும், மாற்றி வைத்தால் காய்ந்த பிறகு துருத்திக்கொள்ளும். அதோடு அடி தடிப்பு, நுனி மெலிவு. அடி முடிகிற இடத்தில் இன்னொரு அடி, நுனி முடிகிற இடத்தில் இன்னொரு நுனி என்று சேர்த்துக்கொண்டே போனால்தான் சுவர் ஒரே கனத்தில் ஏறும். உருட்டுவது அரை நொடிகூட இல்லை. பெட்டி முடிவதற்குள் எத்தனை நூறு முறை உருட்டுவாரோ.

இதனால்தான் கூடை முடைய இன்றுவரை கைக்கு மாற்றாக ஓர் இயந்திரம் வரவில்லை. வளாரை அறுக்க இயந்திரம் உண்டு, தோல் உரிக்க உண்டு. முடைய இல்லை. ஒவ்வொரு குச்சிக்கும் தடிமன் வேறு, வளைவு வேறு, ஈரம் வேறு, எதை எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். எனவே கையால் முடைந்த வில்லோ பெட்டியா, இயந்திரத்தில் முடைந்த வில்லோ பெட்டியா என்று கடையில் யாராவது கேட்டால் அந்தக் கேள்வியே தப்பு. இயந்திரப் பெட்டி என்பது வேறொரு பொருள்.

அது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்டிஎஃப். மரத்தூளையும் சிம்புகளையும் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினில் குழைத்து, சூட்டில் அழுத்தி எடுத்த பலகை. மேலே மெல்லிய மரச்சீவலோ, ஓக் மரத்தின் வரிகளை அச்சடித்த தாளோ ஒட்டியிருக்கும். சவப்பெட்டிக்குத் தோள்பட்டை இடத்தில் ஒரு வளைவு வருமே, அதற்காகப் பக்கப்பலகையின் உள்பக்கத்தை ரம்பத்தால் வரிவரியாகக் கீறி வளைப்பார்கள். பித்தளை மாதிரி மின்னும் கைப்பிடி பல பெட்டிகளில் உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக். வெட்டுவது, கீறுவது, ஒட்டுவது என எல்லாம் ஒரே அளவில் வேகமாக நடக்கும், அதனால்தான் விலை குறைவு. இந்தப் பெட்டியை வாங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாவுச் செலவுக்கே கடன் வாங்கும் குடும்பங்கள் அந்த நாட்டிலும் ஏராளம். ஆனால் அந்தப் பெட்டி ஓக் மரமாகத் தெரிய வேண்டும் என்று படும் பாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே பசையும் தூளும், வெளியே அச்சடித்த மரவரி. கூடையில் அப்படி எதையும் மறைக்க இடமில்லை. பசை இல்லை, பாரம் தாங்க ஆணி இல்லை. முடைந்த முடைச்சல்தான் பலம், அதுவேதான் அழகு, இரண்டும் ஒன்றே. தரையில் இறங்கும்போது பலூன் கூடை இடிபட்டாலும் உடையாமல் வளைந்து கொடுக்கிறதே, அதே பலம்தான்.

இந்தக் கூடைப்பெட்டி யோசனை ஏதோ இன்றைய பசுமைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. விக்டோரியா காலத்து லண்டனில் ஈயத் தகடு அடித்த பெட்டி, செங்கல் கட்டிய நிலவறை என்று பிணத்தை மண்ணிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவைத்தார்கள், கல்லறைகள் நிரம்பி நாறின. அதற்குத் தீர்வு எரிப்பதுதான் என்று 1874-ல் சர் ஹென்றி தாம்ப்சன் என்ற மருத்துவர் கிளம்பினார், அதே வருடம் தகனச் சங்கம் உருவானது. மறுவருடமே இன்னொரு மருத்துவர், ஃபிரான்சிஸ் சீமோர் ஹேடன், தி டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் எதிர்த்து நின்றார். உடலை எரிக்க வேண்டியதில்லை, மண்ணை அதன் வேலையைச் செய்ய விட்டால் போதும், தடுப்பது நம் கெட்டிப் பெட்டிகள்தான் என்பது அவர் வாதம். சொல்லிவிட்டு நிற்கவில்லை. 1875 ஜூனில் சதர்லாந்து பிரபுவின் ஸ்டாஃபோர்டு மாளிகைத் தோட்டத்தில் வரிசையாக வில்லோ சவப்பெட்டிகளைக் கண்காட்சி வைத்தார், நடுநடுவே இடைவெளி விட்டு முடைந்தவை, உள்ளே பாசியும் பெரணி இலையும் நிரப்பியவை. லண்டனின் பெரிய மனிதர்கள் திரண்டுபோய்ப் பார்த்தார்கள். ஹேடன் சும்மா ஒரு மருத்துவர் இல்லை, செப்புத்தகட்டில் கீறி அச்செடுக்கும் ஓவியத்தில் அந்தக் காலத்தில் பேர்பெற்ற கை, ஓவியர் விஸ்லரின் அக்கா கணவர். கையால் செய்யும் பொருளின் மதிப்பு தெரிந்த ஆள் என்பதால்தான் கூடை கண்ணில் பட்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஹேடன் தோற்றார். 1885-ல் வோக்கிங்கில் முதல் அதிகாரபூர்வ தகனம் நடந்தது, 1960-களின் பிற்பகுதியில் அடக்கத்தைத் தகனம் தாண்டிவிட்டது, இப்போது பிரிட்டனில் பத்தில் எட்டு பேர் அளவுக்கு எரிக்கத்தான் செய்கிறார்கள். அவர் சொன்னது திரும்ப உயிர்பெற 1993 ஆனது. கார்லைல் நகரக் கல்லறையின் நிர்வாகி கென் வெஸ்ட், கல் வைக்காமல், மரம் நட்டு, மக்கும் பெட்டியில் மட்டும் புதைக்கும் ஒரு பகுதியைத் திறந்தார். அதைப் பார்த்து நாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் வந்துவிட்டன. அந்த இடங்களில் பலவற்றில் பிசினும் பிளாஸ்டிக்கும் கலந்த பெட்டியை அனுமதிப்பதில்லை. சாமர்செட்டின் முடைபவர்களுக்கு வேலை திரும்ப வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் விற்கும் முடைந்த பெட்டிகள் எல்லாம் சாமர்செட்டில் முடைந்தவை இல்லை. போலந்திலிருந்து வருகின்றன, சீனாவிலிருந்து கப்பலில் வருகின்றன, மூங்கிலிலும் வாழைநாரிலும் செய்தவை ஆசியாவின் பல இடங்களிலிருந்து வருகின்றன. அவையும் கையால் முடைந்தவைதான், மேலே சொன்ன காரணத்தால் வேறு வழியே கிடையாது. அங்கே முடைபவர்களும் தேர்ந்தவர்கள்தான். போலந்தின் ருட்னிக், சீனாவின் ஃபூனான் இரண்டும் வில்லோ முடைதலுக்கே பேர்போன ஊர்கள். ஆகவே பெட்டியில் ‘கையால் செய்தது’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. வளார் எந்த நிலத்தில் வளர்ந்தது, முடைந்தவருக்கு ஒரு பெட்டிக்கு என்ன கூலி, எவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்தது என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தில் முடைந்த பெட்டிக்குப் பல நூறு பவுண்டு விலை என்றால் அதில் பெரும்பகுதி ஒரு தேர்ந்த ஆளின் இரண்டு மூன்று நாள் உழைப்பு. அந்தக் கைக்கு அந்தப் பக்குவம் வர வருடக்கணக்கில் ஆகிறது. லண்டனில் கூடை முடைபவர்களுக்கு 1569-லிருந்தே சொந்தக் குழுமம் இருந்திருக்கிறது, அது இன்றும் இருக்கிறது, ஆனால் தொழிலைக் கற்றுக்கொள்ள வரும் இளம் ஆட்களுக்குத் தொடர்ந்து கூலி கிடைப்பது கடைசியில் வாங்குகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

சுற்றுச்சூழல் விஷயத்திலும் நேர்மையாக இருக்க வேண்டும். கூடைப்பெட்டியில் வைத்து எரித்தால் எல்லாம் சுத்தம் என்று சிலர் பேசுகிறார்கள், அது சரியில்லை. தகனத்தில் முக்கியச் செலவு உலைக்குப் போகும் எரிவாயு, பெட்டி எதுவானாலும் அது போகத்தான் செய்யும். கூடையை எரித்தால் பிசின் புகை இல்லை, அவ்வளவு லாபம் நிச்சயம். அதோடு உலைக்குள் தள்ளும்போது சறுக்கிப்போக வேண்டும் என்பதற்காகத் தகன மையங்கள் கூடைக்கு அடியில் தட்டையான உறுதியான பலகை வேண்டும் என்று கேட்கும். முடைபவர்கள் அதற்கேற்ற மாதிரி செய்து கொடுக்கிறார்கள். முழுப் பலன் புதைக்கும்போதுதான். இடைவெளி வழியே காற்றும் ஈரமும் புழுவும் போகும், பெட்டி சீக்கிரமே மண்ணோடு சேரும். ஹேடன் சொன்னது அச்சு அசலாக அதுதான்.

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அங்கேயும் தகனம்தான் செய்கிறோம், பாடை கட்ட வழியில்லை, இறுதிச்சடங்கு நிறுவனம் காட்டும் படப்புத்தகத்தில் பளபளவென்று இருப்பதைக் கைகாட்டிவிட்டு வருகிறோம். அந்த மனநிலையில் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது, தெரியும். ஆனால் பெட்டியை அந்த நிறுவனத்திடமே வாங்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, முடைபவரிடமிருந்து நேரடியாகவும் வாங்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து நிறுவனங்கள் விலைப்பட்டியலை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஊரில் பச்சை மூங்கிலை வெட்டி, தென்னை ஓலையை முடைந்து, வாசலிலேயே சொந்தக்காரர்கள் முன்னால் பாடை கட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பளபளக்கும் பலகைப்பெட்டியைவிட இந்தக் கூடை மனசுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அன்று அந்தக் கிறீச் சத்தம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

பட்டறையில் நான் கிளம்பும் நேரத்தில் முடைபவர் பெட்டியின் மேல் விளிம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்ற வளார்களை ஒவ்வொன்றாக மடக்கி, பக்கத்து இரண்டுக்குப் பின்னால் விட்டு, மூன்றாவதற்கு முன்னால் இழுத்து, குத்தூசியால் வழி பண்ணிச் செருகிக்கொண்டே சுற்றி வந்தார். கடைசி வளார் முதல் வளாருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, எங்கே தொடங்கினார் என்று தேடினாலும் தெரியவில்லை. பிசிறுகளைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். சுவரோரம் மூன்று பெட்டிகள் சாத்தியிருந்தன, ஒவ்வொன்றின் மூடியும் அதனதன் மேலேயே கட்டியிருந்தது. ஏன் மூடிகளைத் தனியாக அடுக்கவில்லை என்று கேட்டேன். ஒரு பெட்டியின் மூடி இன்னொன்றுக்குச் சேராதாம், அதே அளவு, அதே கை, அதே வாரம் என்றாலும்.